புகாரே வராத மாதம்

எங்க ஊர்க் குடிநீர் ஆபீசில் இருப்பது ஒரே சர்வர். அதன் மெமரியைப் பாகம் பிரித்து, மக்கள் இணையத்தில் எழுதும் புகாருக்கு ஒன்று, அதிகாரி தணிகாசலத்தின் விழா வீடியோவுக்கு ஒன்று என ஒதுக்கியிருந்தாள் தற்காலிக ஊழியர் செண்பகவல்லி.

“என் வீடியோ திக்கித் திக்கி ஓடுதும்மா. புகார் மெமரியை உருவி எனக்குப் போடு. அதோட, இந்த மாசம் புகாரே வரக் கூடாது. வந்தா உன் வேலை போச்சு!” என்றார் தணிகாசலம்.

“ஆகட்டும் சார்.”

தெருவெல்லாம் காலிக் குடம். புகார் மட்டும் பூஜ்யம். மாசக் கடைசியில் மாவட்ட ஆபீசிலிருந்து வந்த பெரிய அதிகாரி அசந்துபோனார்.

“எப்படிம்மா?”

“புகாரோட மெமரி பூரா சாரோட வீடியோவுல இருக்குங்கய்யா. புகார்ப் பக்கமே திறக்காது. அப்புறம் யாரு எங்க எழுதுவாங்க?”

தணிகாசலத்துக்கு வேர்த்துக் கொட்டியது.

பெரிய அதிகாரி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“ஏம்மா, மாவட்டம் பூராவுக்கும் இதைச் செஞ்சு தர முடியுமா?”