ஊறுகாய்ப் புல்லும் மயிலை படுத்த இடமும்

அந்தக் காலத்துல மாடு பேசும், புல்லு பேசும், கண்ணுக்கே தெரியாத பொடிசுங்ககூட வாய் ஓயாம பேசும். அப்போ காங்கேயம் பக்கம் ஒரு மேட்டுக்காட்டுல மயிலைன்னு ஒரு பசு இருந்துச்சு. வளத்தது பாவாத்தாளும் அவ வீட்டுக்காரர் குப்பணனும்.

அங்க மழை ஐப்பசில கொட்டும், அப்புறம் ஆளே காணோம்! ஐப்பசில சோளத்தட்டு ஆள் உசரத்துக்குப் பச்சப்பசேல்னு நிக்கும். சித்திரைல ஒரு துரும்பு கிடைக்காது. முந்தின வருஷம் அப்படித்தான் மடி வத்திப்போய், மயிலையோட கன்னு பொழைக்கல. இப்ப மறுபடியும் சினை. சித்திரைல ஈனணும்.

"அக்கா, இன்னைக்கு வயிறு முட்டத் தின்னாச்சு. சித்திரைல எனக்கு என்ன போடுவீங்க?"ன்னு கேட்டுச்சு மயிலை.

பாவாத்தா தட்டை அறுத்துக் காயப்போட்டா. தினமும் மழை. ரெண்டாம் நாளே பூசணம் வந்து குந்திக்கிச்சு. "ஈரம் இருக்கு, காத்து இருக்கு, வேற என்ன வேணும் எனக்கு!"ன்னு ஒரே சிரிப்பு. பாவாத்தா தலைல கைய வச்சு உக்காந்துட்டா.

அப்போ மாவடு சாடிக்குள்ள இருந்து ஒரு சின்னக் குரல்.

"அக்கோவ்! இந்தச் சாடி வருஷம் பூரா கெடாம இருக்கே, யாரு காவல்னு நெனச்சீங்க? நான்தான், புளிப்பன்!"

"நீ மாங்காய்க்குத்தானே சாமி?"

"அட, தட்டுலயும் எங்காளுங்க இருக்காங்க! அதுல இருக்கற இனிப்பத் தின்னு புளிப்பாக்கிருவோம். புளிப்பு ஏறிட்டா கெடுக்கற பயலுக ஒருத்தனும் கிட்ட வரமாட்டான். ஆனா எங்களுக்குக் காத்து ஆகாது. பொடியா வெட்டி, குழில கொட்டி, நல்லா மிதிச்சு, மண்ணு போட்டு மூடிடுங்க. ஒரு மண்டலம் தொறக்கவே கூடாது!"

மயிலைக்குக் காது விடைச்சுக்கிச்சு. "அப்ப எனக்கு ஊறுகாயா போடப்போறீங்க? தொட்டுக்க சரி. சோத்துக்கு?"

சிரிச்சுக்கிட்டே குழி வெட்டி, காட்டுல நின்ன மிச்சத் தட்டை அறுத்துப் பொடியாக்கிக் கொட்டினாங்க. மயிலையே உள்ள எறங்கி, நாலு காலாலயும் மிதிச்சுக் குடுத்துச்சு. மண்ணு போட்டு மூடியாச்சு.

இந்தக் குப்பணன் இருக்காரே, இட்லி மாவு பொங்குச்சான்னு ராத்திரிக்கு நாலு தரம் மூடியத் தொறந்து பாக்கற ஆளு! இருவது நாள் எப்படியோ கையக் கட்டிக்கிட்டு இருந்தாரு. இருவத்தோராம் நாள், பாவாத்தா கெணத்துக்குப் போன நேரம், கடப்பாரைய எடுத்துட்டாரு. மண்ணத் தாண்டி ஒரு சாண் ஆழத்துக்கு நோண்டி, மூக்க உள்ள விட்டாரு.

"ஆஹா, வாசம் நல்லாத்தான இருக்கு!"

காத்து குபுக்குன்னு உள்ள போச்சு. கூடவே பூசணமும். அவரு பாத்துட்டு இருக்கும்போதே மேல் தட்டு கறுக்க ஆரம்பிச்சுது.

"மாமா, கெடுத்தீங்களே!"ன்னு கீழ இருந்து புளிப்பன் கத்தறான். ஓடியாந்த பாவாத்தா, "உங்களயெல்லாம்..."னு ஆரம்பிச்சு, திட்டக்கூட நேரமில்லாம மண்ணு கொழைக்க ஓடிட்டா.

மண்ணு கொழையற வரைக்கும் பூசணம் காத்திருக்குமா? மயிலை பாத்துச்சு. அத்தாம் பெரிய வயித்தத் தூக்கிட்டு அசைஞ்சு அசைஞ்சு வந்து, அந்த ஓட்டை மேல தொப்புன்னு படுத்துக்கிச்சு! ஒரு இணுக்குக் காத்து போக வழியில்ல.

உள்ள பூசணத்துக்கு மூச்சு முட்டுது. "தாயி, எந்திரி தாயி!"

"முடியாது. சித்திரைல எங்கன்னு பொழைக்கணும்."

"நான் தொட்ட ஒரு சாண் தட்டையாவது எனக்கு விட்டுரு! அதுக்குக் கீழ எட்டிக்கூடப் பாக்க மாட்டேன். சத்தியம்!"

"புளிப்பா, நீ என்ன சொல்றே?"

"ஒரு சாண்தானே, குடுத்துரு. மீதி போதும் உனக்கு."

பேச்சு முடிஞ்சும் மயிலை எந்திரிக்கல. கொழைச்ச மண்ணோட பாவாத்தாளும் வந்து, மேல உருட்டி வைக்க ஆட்டுக்கல்லும் வந்தப்புறந்தான் எந்திரிச்சுது.

சித்திரை வந்துச்சு. குழியத் தொறந்தா, மேல சரியா ஒரு சாண் கறுப்பு. அத ஒதுக்கினா, கீழ மாவடு நெறத்துல, கமகமன்னு புளிப்பு வாசத்தோட தட்டு! மயிலை மோந்து பாத்துட்டு, "தொட்டுக்க வந்துருச்சு. சோறு எங்க மாமா?"ன்னுச்சு.

"அம்மிணி, சோறும் இதுதான்!"னாரு குப்பணன், அசடு வழிய.

ஒரு வாய் வச்ச மயிலை அப்புறம் தலையத் தூக்கவே இல்ல. அடுத்த வாரம் கன்னு பொறந்துச்சு. முட்டி முட்டிப் பால் குடிச்சு அதோட வாயெல்லாம் நுரை!

அதுக்குப் பேரே ஊறுகாய்ப் புல்லுன்னு நெலச்சுப் போச்சு. இன்னைக்குப் பெரிய பெரிய பண்ணைல டன் கணக்குல போடறாங்க. மிதிக்க டிராக்டரு, மூடத் தார்ப்பாய். தொறக்கும்போது மேல கொஞ்சம் கறுத்திருந்தா யாரும் மொகம் சுளிக்கறதில்ல, அது பூசணத்தோட பங்கு. மூடினதும் தார்ப்பாய் மேல மணல் மூட்டையும் பழைய லாரி டயரும் அடுக்கறாங்களே, அந்தப் பழக்கமும் அன்னைக்கு இருந்துதான். ஏன்னா, அது மயிலை படுத்த இடம்.