மக்கும் குப்பையும்

புளியோடையூர்க்காரர்களைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். சொன்ன சொல்லைத் தட்டாமல் செய்கிற ஜனங்கள். வில்லங்கமே அங்கேதான்.

அந்த வருஷம் அங்காத்தாளின் கத்திரித் தோட்டம் வெளிறிப்போய் நின்றது. உரம் கிடைக்காவிட்டால் அத்தனை செடியையும் பிடுங்கி எறிய வேண்டியதுதான். அவள் புலம்பலைக் கேட்டு வேளாண்மை அலுவலரம்மா ஜீப்பில் வந்தார். ஊரைக் கூட்டி மைக்கைப் பிடித்தார்.

"மக்கும் குப்பை குழிக்கு. மக்காத குப்பை வண்டிக்கு, அதை நாங்க வந்து ஏத்திக்கறோம். பெருசா இருந்தா நறுக்கிப் போடுங்க. சாணித் தண்ணி தெளிச்சு அப்பப்போ புரட்டி விடுங்க."

ஜீப் போனதும் ஊர்த்தலைவர் பொங்கியண்ணன் கனைத்தார். "குப்பை இருக்குது. சாணியும் இருக்குது. ஆனா குழிக்கு மக்கும் வேணும், குப்பையும் வேணும்னுட்டாங்களே! மக்குக்கு எங்கய்யா போறது?"

எல்லாரும் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் வேணும்னா மக்கா இருக்கேனுங்க" என்றான் நாச்சிமுத்து.

"தான் மக்குன்னு தெரிஞ்சவன் எப்படிடா மக்காவான்? உட்காரு."

அங்காத்தாள் எழுந்தாள். "எங்கூட்டுலயே ஒண்ணு இருக்குதுங்க. கோழிக்கு வெயில் அடிக்குது, கூடையைக் கவுத்துங்கன்னு சொன்னேன். தன் தலையில கவுத்துக்கிட்டுக் கோழிக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்காரு."

ஒரே கைதட்டல். அவள் புருஷன் செங்கோடன், ஆறடி ஆள், கூச்சத்தில் நெளிந்தார். "எல்லாம் உங்க ஆசீர்வாதமுங்க."

வாழைப்பட்டை, அழுகின முட்டைக்கோஸ், தொழுவத்துக் கூளம், நடுவில் செங்கோடன். கழுத்துவரை மூடியாகிவிட்டது. தலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"பெருசா இருந்தா நறுக்கணுமே" என்று தலைவர் இழுத்தார். நாச்சிமுத்து அரிவாளோடு ஓடிவந்தான்.

அங்காத்தாள் குறுக்கே பாய்ந்தாள். "ஐயோ, கட்டிக் கொடுக்கறப்போ முழுசாத்தான் கொடுத்தாங்க! அவருகிட்ட எது பெருசோ அதை மட்டும் நறுக்குங்க!"

உயரமா, வாயா, மீசையா என்று வெகுநேரம் விவாதித்து, மீசையை நறுக்கினார்கள். பாவம், எருமைக்கொம்பு மாதிரி வளர்த்து வைத்திருந்தார் மனுஷன்.

அப்புறம் தினமும் சாணித் தண்ணி. அவ்வப்போது நாலு பேர் சேர்ந்து புரட்டல். குழி சூடேறியதும் செங்கோடன் அலறினார். "வேகுது புள்ள!"

"வெந்தாத்தானுங்க உரம். கத்திரிச் செடியை நினைச்சுப் பொறுத்துக்கங்க" என்று சோற்றை உருட்டி ஊட்டினாள் அங்காத்தாள்.

சொன்னபடி அலுவலரம்மா குப்பை வண்டியோடு வந்தார். செங்கோடன் முதுகு சொறிய மேலே ஏறியிருந்த நேரம். அந்தம்மா குழியில் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்.

"அடடா, அருமையா மக்கியிருக்கே!"

செங்கோடன் நெஞ்சை நிமிர்த்தினார். அங்காத்தாள் சந்தோஷத்தில் மூக்கைச் சிந்தினாள்.

"செடிக்கு ரெண்டு கை போடுங்க, தோட்டமே பச்சையாயிடும். சரி, மக்காததை எல்லாம் வண்டியில ஏத்துங்க."

பொங்கியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக வண்டியில் ஏறினார். "நான் என்னைக்குங்க மக்கா இருந்தேன்?" அடுத்து நாச்சிமுத்து. அப்புறம் ஊரே முண்டியடித்தது. கடைசியாக அங்காத்தாள், கண்ணைத் துடைத்தபடி. தடுக்க வந்த அலுவலரம்மாவும் நெரிசலில் வண்டிக்குள் போய்விட்டார். டிரைவரோ காதில் பாட்டை மாட்டியிருந்தான். பின்னால் பாரம் ஏறியது தெரிந்ததும் வண்டியை எடுத்துவிட்டான்.

"ஏனுங்க, தோட்டத்துல போய் நீங்களே நல்லாப் பரவிக்கங்க!" என்று வண்டியிலிருந்து கத்தினாள் அங்காத்தாள். "செடிக்கு ரெண்டு கை, மறந்துடாதீங்க!"

செங்கோடன் தோட்டத்தைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். பதறிப்போய் வண்டிக்குப் பின்னால் ஓடினார்.

"நில்லு புள்ள! முதல் செடிக்கே ரெண்டு கையும் தீர்ந்துடுமே! அடுத்த செடிக்குக் காலைப் போடலாமான்னு அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு!"