முடிச்சு தெரியாத தூரம்

"டீச்சர், என் மிஷின் செத்துப்போச்சு."

ரெமிஜியுஸ் கம்ப்யூட்டரை ஸ்கூட்டரில் கால் நடுவே வைத்துக் கொண்டுவந்திருந்தான். ஐம்பதை நெருங்கிய மனுசன். மாடி ஏறியதில் பேச்சு வரவில்லை. அதற்குமேல் பயம் வேறு.

டீச்சர் பௌசியாவுக்கு அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. தூத்துக்குடியில் கம்ப்யூட்டருக்குள் கட்டடமோ கப்பலோ எழுப்பத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் அவளிடம் படித்தவர்கள். ரெமிஜியுஸும் அப்படித்தான். நாற்பதுக்கு மேல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டான்.

"செத்த மிஷின்ல விசிறி சுத்தாது அண்ணே. மாட்டுங்க, பார்ப்போம்."

மாட்டினான். மிஷின் மாவு மில் மாதிரி இரைந்தது. திரையில் ஒரு கடற்கரை பாதி வந்து நின்றது. மீதி வரவில்லை.

"எப்போ வேணும்?"

"நாளைக்குக் காலைல. கலெக்டர் ஆபீஸ்ல கூட்டம்."

விஷயம் இதுதான். அவனுடைய குப்பத்தில் கடலோரம் கல்சுவர் கட்டப்போகிறார்கள். காகிதத்தில் அது ஒரு கோடு. கோட்டைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அந்தக் கோடு விழுகிற இடம்தான் படகை இழுத்துப் போடுகிற மணல். சுவர் வந்தால் மணல் இல்லை. இதைப் படமாக ஓடவிட்டுக் காட்டுகிறேன் என்று ரெமிஜியுஸ் ஊருக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். நாளைக் கூட்டத்தோடு பேச்சு முடிந்தது. அப்புறம் கையெழுத்துதான்.

ஓடுகிற படம் என்பது ஆயிரக்கணக்கான தனிப்படம். ஒவ்வொன்றையும் மிஷின்தான் கணக்குப்போட்டு வடிக்க வேண்டும். ரெண்டர் என்பார்கள். இவன் மிஷின் ஒரு தனிப்படம் வடிக்க அரை மணி நேரம் எடுத்தது.

"என்ன பண்ணிப் பார்த்தீங்க?"

"ரேம் கூட்டினேன். மச்சான் கடையில நல்ல கிராஃபிக்ஸ் கார்டு கடன் வாங்கிப் போட்டேன். விண்டோஸைத் துடைச்சுட்டுப் புதுசா ஏத்தினேன். பெட்டியைத் திறந்து டேபிள் ஃபேன் வெச்சேன்."

"எதுல எவ்வளவு குறைஞ்சது?"

ரெமிஜியுஸ் முழித்தான்.

"எல்லாத்தையும் ஒண்ணாப் பண்ணினேன் டீச்சர்."

"காய்ச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பையே முழுங்கிட்டு வந்திருக்கீங்க."

அவள் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். எடுத்தாள்.

"மிஷின் நல்லா இருக்கு. உழைக்குது. எதைச் சுமக்குதுன்னு பார்க்கணும்."

"கடல்தான் டீச்சர். அலையை ரொம்ப இழைச்சிட்டேன். ஒரு வாரமா அதைத்தான் குறைச்சுக்கிட்டு இருக்கேன்."

"பார்த்தீங்களா, நினைச்சீங்களா?"

அவன் மவுசை அவள் பக்கம் தள்ளினான்.

டீச்சர் ஒரு பொத்தானைத் தட்டினாள். கடற்கரை முழுக்கச் சாம்பல் நிறமாயிற்று. கடல், கோயில், தென்னை, வீடு எல்லாம் களிமண். அவன் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துப் பூசிய நிறம் ஒன்றுகூட இல்லை.

ரெமிஜியுஸ் திரைக்குக் கிட்டே குனிந்தான்.

"அழிச்சிட்டீங்களா?"

"மூடி வெச்சிருக்கேன். பதறாதீங்க."

ஓடவிட்டாள். அதே இரைச்சல். அதே இழுபறி.

"நிறத்துல கோளாறு இல்லை. உருவத்துல இருக்கு. கடலை மறைங்க."

மறைத்தான். வேகம் ஏறவில்லை.

ஒரு வாரம். முழுசாக ஒரு வாரம் அந்தக் கடலோடு மல்லுக்கட்டியிருக்கிறான்.

"கோயில், வீடு, மரம். எல்லாத்தையும் மறைங்க."

மறைத்தான். வெட்டவெளியில் படகுகள் மட்டும் நின்றன. மிஷின் இன்னும் முக்கியது.

"படகு."

படகுகளை மறைத்தான். கண் இமைப்பதற்குள் படம் வந்துவிட்டது. வெறும் மணல்.

இரைச்சல் அடங்கிய அறையில் அவன் போன் அடித்தது. குப்பத்துச் செயலாளர் கஸ்பார். ஸ்பீக்கரே தேவையில்லாத குரல்.

"மாப்ள, படம் வருமா வராதா? வேன் பிடிச்சாச்சு. பொம்பளையளும் வாராங்க."

"வரும் மாமா."

"நம்ம வலை, படகு எல்லாம் அச்சா இருக்கணும் என்ன? ஆபீசர் முன்னால நம்ம பயலுவளே சிரிச்சிட்டானுவன்னா மானம் போயிரும்."

"சரி மாமா."

போனை வைத்தான்.

டீச்சர் ஒரே ஒரு படகைத் திரும்பக் கொண்டுவந்தாள். பெரிதாக்கிக்கொண்டே உள்ளே போனாள். இன்னும் உள்ளே. படகின் நடுவே குவியலாக வலை. வலைக்குள் கண்ணி. கண்ணிக்கு ஒரு முடிச்சு. முடிச்சுக்குள் நூல், நூலில் முறுக்கு.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லா இருக்கு அண்ணே. இவ்வளவு சுத்தமா யாரும் எங்கிட்ட செஞ்சு காட்டினதில்லை."

ரெமிஜியுஸ் முகத்தில் முதல்முறையாக ரத்தம் ஓடியது.

"ஒவ்வொரு முடிச்சும் நிசம் டீச்சர். இழுத்தா இறுகும்."

"எல்லாப் படகுலயுமா?"

"எல்லாத்துலயும். ஒரே வலையைக் காப்பி அடிக்கலை. கடன்காரன் வலை கிழிஞ்சிருக்கும், வசதியானவன் வலை புதுசா இருக்கும். தனித்தனியாப் பின்னினேன்."

"கேமரா எங்கே நிக்குது?"

"கலங்கரை விளக்கத்து உச்சில. சுவர் முழுசும் தெரியணும்ல."

டீச்சர் எழுந்தாள். "மாடிக்கு வாங்க."

மொட்டை மாடியில் வெயில் சுட்டது. தூரத்தில் கடல். கரையில் நாலைந்து படகு.

"அந்த ஓரத்துப் படகுல என்ன கிடக்கு?"

"வலை."

"முடிச்சு தெரியுதா?"

கையை நெற்றியில் வைத்துப் பார்த்தான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"இல்லை."

"கண்ணி?"

"இல்லை. பச்சையா ஏதோ கிடக்கு."

"அப்போ எப்படி வலைன்னு சொன்னீங்க?"

ரெமிஜியுஸ் மறுபடி அந்தப் பச்சையைப் பார்த்தான்.

டீச்சர் கீழே இறங்கிவிட்டாள்.

அவன் இறங்கி வந்தபோது அவள் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். மிஷின் முன்னால் நாற்காலி காலியாக இருந்தது.

"வலையை நீங்களே எடுத்துடுங்க டீச்சர். என்னால முடியாது."

"நான் பின்னலையே."

உட்கார்ந்தான். ஒரு வலையைத் தொட்டான். டெலீட்டை அழுத்தினான். அடுத்தது. அடுத்தது. வாயில் எதையோ முணுமுணுத்தான், செபமா வசவா தெரியாது.

பிறகு சப்பாத்தி மாவு மாதிரி ஒரு கட்டியை உருட்டிப் படகில் வைத்தான். பச்சை அடித்தான். பார்க்கச் சகிக்கவில்லை. மெதுவாக ஒரு மடிப்பு வைத்தான். இன்னொரு மடிப்பு. ஓரத்தில் ஒரு நூலை இழுத்துவிட—

டீச்சர் மவுசைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சிரிப்பாங்க டீச்சர். நான் அந்த ஊர்க்காரன். மீன்காரன் மவனுக்கு வலை தெரியலைம்பாங்க."

"டீ ஆறுது."

மறைத்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவந்தாள், அதே கட்டியை எல்லாப் படகிலும் வைத்தாள்.

ஓடவிட்டாள். தனிப்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மளமளவென்று விழுந்தன. விசிறி சத்தம் கேட்கவே இல்லை. ரெமிஜியுஸ் டீயைத் தொடவில்லை. ஒவ்வொரு படத்திலும் அந்தப் பச்சைக் கட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் கலெக்டர் ஆபீஸ் ஹாலில் உட்கார இடமில்லை. முன்வரிசையில் அதிகாரி. பக்கத்தில் சுவர் கட்டப்போகிற எஞ்சினீயர். பின்னால் குப்பம் மொத்தமும். பௌசியா சுவரோரம் நின்றாள்.

படம் ஓடியது. ரெமிஜியுஸ் திரையைப் பார்க்கவில்லை. ஆட்களின் முகத்தைப் பார்த்தான்.

கடல் வந்தது. கோயில் வந்தது. படகுகள் வந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைக் கட்டியோடு.

யாரோ செருமினார்கள். கஸ்பார் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அவ்வளவுதான் என்று நினைத்தான்.

சுவர் எழும்பியது. கல் மேல் கல்லாக மணலை விழுங்கியது. தண்ணீர் வந்து கல்லில் அடித்தது. படகுகள் கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒதுங்க இடமில்லாமல் ஆடின.

படம் நின்றது.

பெண்கள் பக்கத்திலிருந்து லூர்தம்மாள் எழுந்தாள். வலை தைக்கிறவள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். திரையை நோக்கிக் கையை நீட்டினாள்.

"ஐயா, அந்தா மூணாவது படகுல கிடக்குல்லா, அது எங்க வலை. நேத்துதான் கிழிசலைத் தச்சேன். சுவரு வந்துட்டா அதை எங்க விரிச்சுக் காயப்போட?"

ரெமிஜியுஸ் சட்டென்று திரையைத் திரும்பிப் பார்த்தான்.

"அதுக்குப் பக்கத்துல உள்ளது எங்களது" என்றது இன்னொரு குரல். "ஒட்டுப்போட்ட வலை. வெயிலு படலைன்னா நாறிரும்."

அதிகாரி எழுந்தார். திரைக்குப் பக்கத்தில் போய் அந்தப் பச்சைக் கட்டியை உற்றுப் பார்த்தார். பிறகு எஞ்சினீயரிடம் திரும்பினார்.

"அந்த வலையை எங்கேங்க காயப்போடுவாங்க?"