தொடாமல் வைத்த குரல்

"பத்திரமா வெச்சது எப்படிம்மா காலியாகும்?"

கேட்டவர் கோமதிநாயகம். மின்வாரியத்தில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகம்மை அம்மாவின் சீடர்களில் மூத்தவர். அம்மாவைவிடவே வயதில் மூத்தவர்.

அவர் கையில் தீப்பெட்டி அளவில் ஒரு எஸ்எஸ்டி, கம்ப்யூட்டரில் மாட்டும் சேமிப்புப் பெட்டி. அம்மாவின் பேச்சும் பாட்டும் அதில் மட்டும்தான் இருந்தன.

தொண்டை ஆபரேஷனுக்குப் போகும் முன் அம்மா அதை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது குரல் இல்லை. அன்றுமுதல் சிலேட்டில்தான் பேச்சு.

அம்மா சிலேட்டை எடுத்தார்.

'எங்கே வைத்தீர்கள்?'

"பீரோவுல. பட்டுத் துணியில சுத்தி வெச்சேன். தண்ணி படல, தூசி படல. நாளைக்கு எல்லாரையும் கூட்டி உங்க குரலக் கேக்க வைக்கலாம்னு எடுத்தா, உள்ள ஒண்ணுமே இல்ல. கம்ப்யூட்டர் கடைக்கும் கொண்டுபோய்க் காட்டிட்டேன்."

'கடையில் என்ன சொன்னார்கள்?'

"உள்ள இருக்கறதெல்லாம் மின்சாரமாத்தான் நிக்குமாம். வருஷக்கணக்கா கரண்டே குடுக்காம, அதுவும் சூட்டுல வெச்சா, கொஞ்சங்கொஞ்சமாக் கசிஞ்சு போயிருமாம். அப்பப்ப மாட்டி ஓட விட்டிருந்தா தங்கியிருக்கலாம்னான். இனிமே மீட்க முடியாதாம்."

ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்த மனிதர். சொல்லும்போதே முகம் சுண்டிவிட்டது.

அம்மா சிரித்தார். சத்தம் வரவில்லை.

"பத்திரமா வைக்கத்தானே சொன்னீங்க?"

'பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.'

கோமதிநாயகத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன்மீதே ஆத்திரமாகவும் வந்தது.

"நான் கேசட் காலத்து ஆளும்மா. போட்டுப் போட்டுக் கேட்டா நாடா தேஞ்சிரும். உங்க குரல் தேஞ்சிரக் கூடாதுன்னுதான் ஒரு தடவகூடப் போடல."

அம்மா சிலேட்டைத் துடைத்தார். ஏதோ எழுதினார். அதை அழித்தார்.

"திட்டுங்கம்மா. திட்டிருங்க."

அம்மா தலையசைத்து மறுத்தார். மறுபடி எழுதினார். கொஞ்சம் தயங்கிவிட்டு அவர் பக்கம் திருப்பினார்.

'இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட உங்களுக்கு என் குரலைக் கேட்க வேண்டும்போலத் தோன்றவில்லையா?'