தெய்வானை தீட்டிய கத்தி

குன்றுக்குக் கீழே பெண்களுக்கென்று ஒரு சின்ன மடம். அங்கே மொட்டை போட்டுத் துறவு ஏற்க ஒரு வழக்கம் உண்டு. கேட்கிறவளே பழைய சவரக் கத்தி ஒன்றைத் தேடி வாங்கி, துரு போக்கி, கூர் தீட்டிக் கொண்டுவர வேண்டும். அந்தக் கத்தியால்தான் மடத்துத் தலைவி சாமியம்மா அவளுக்கு மழிப்பார்.

தெய்வானைக்கு அவசரம். மடத்துக்கு வந்த வாரமே சந்தைக்குப் போனாள். பழைய இரும்புக் கடையில் ஒரு மடக்குக் கத்தி கிடந்தது. கொம்புப் பிடி. பிரித்தால் முழுக்கத் துரு.

"இதை வச்சு யாருக்கு மழிக்கப் போறீங்க, வீட்டுக்காரருக்கா?" என்றான் கடைக்காரன்.

"அவருதான் என்னை மொட்டையடிச்சிட்டுப் போயிட்டாரே."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மடத்தில் எல்லோரும் கத்தியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

"அடியில ஏதோ கோடு தெரியுதுடி. தேய், தேய்."

மண்ணெண்ணெயில் ஊறவைத்து, செங்கல் பொடி தொட்டுத் தேய்த்தாள். துருவுக்குள்ளிருந்து ஒரு மயில் வந்தது. எந்த ஊர் மயிலோ! யார் யார் கன்னத்தில் போய் வந்ததோ! தெய்வானை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கல்லில் தீட்டினாள். பிறகு தோல்வாரில் இழுத்தாள். வார் அறுந்து கையோடு வந்தது.

அந்தப் பக்கம் போன சாமியம்மா, "முதுகு முன்னால போகணும், கூர் பின்னால வரணும். நீ கூரை முன்னால தள்ளுற," என்றார்.

வேறு வார் கட்டி இழுத்தாள். ஒரு முடியைப் பிடித்து வைத்தாள். சட்டென்று இரண்டாக விழுந்தது. அப்படியே எழுந்து சாமியம்மாவிடம் ஓடினாள்.

"கத்தி ஆச்சும்மா. இன்னைக்கே மழிச்சிடுங்க."

"நல்லாப் பார்த்தியா?"

"என் தலைக்கு இது போதும்மா."

சாமியம்மா சொம்புத் தண்ணீரை எடுத்தார். தெய்வானை தலையைக் குனிந்தாள். அவர் தண்ணீரைத் தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டார். அங்கே பத்து நாள் முடி நரைத்துக் கிடந்தது.

"முதல்ல எனக்கு மழி."

"நானா?"

"கத்தி உன்னோடதுதானே?"

தெய்வானை கத்தியை விரித்தாள். சாமியம்மாவின் காதுக்குப் பின்னால் தோல் எலுமிச்சைத் தோல் மாதிரி மெல்லிசாக இருந்தது. அடியில் நரம்பு ஓடியது. கை நடுங்கியது. கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போற?"

"கல்லுக்கும்மா. நுனியில ஒரு பல் இருக்கு. கிழிச்சிரும்."

"இப்பத்தான் வந்துச்சா?"

"இல்ல. தீட்டும்போதே பார்த்தேன்."

"பார்த்துமா போதும்னே?"

"நான் பட்ட பாட்டுக்கு, ஒரு கீறல் என்னை என்னம்மா செஞ்சிடும்?"

சாமியம்மா முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வரைக்கும் தெய்வானை தீட்டினாள். பல் போயிற்று. திரும்ப வந்து சாமியம்மாவுக்கு மழித்தாள். ஒரு பொட்டு ரத்தம் இல்லை. கத்தியைக் கழுவித் துடைத்துவிட்டு முன்னால் வந்து நின்றாள்.

"இப்ப எனக்கு மழிப்பீங்களாம்மா?"

"இன்னைக்கு இல்ல."

"பின்னே எப்பம்மா?"

"என் தலைக்கு நடுங்கின கை, உன் தலைக்கும் நடுங்கட்டும். அன்னைக்கு வா."