பாசிக்குப் போட்ட தண்டோரா

ஓணாம்பாளையத்து ஆட்களை வேலைக்கு வைத்தால் ஒரு சௌகரியம் உண்டு. சொன்னதைச் செய்வார்கள். ஓர் அசௌகரியமும் உண்டு. அதுவும் இதேதான்.

அந்த ஊர் அரிசி ஆலைக்குப் பின்னால், நெல் ஊறவைத்த தண்ணீர் ஒரு குட்டையில் தேங்கி நாறிக்கொண்டிருந்தது. கல்லூரியிலிருந்து பேராசிரியர் கோமதி வந்து, மூக்கைப் பொத்தாமல் கரையில் நின்றார். அதிலேயே ஊருக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்பாசியை அவர் குட்டையில் விட்டார். அது அழுக்கைத் தின்று பெருகியது. தண்ணீர் பசேலென்று ஆனது, நாற்றமும் போயிற்று. இனி அந்தப் பாசியிலிருந்து எண்ணெய் எடுக்க வேண்டும்.

குட்டையைப் பார்த்துக்கொள்ள மூன்று பேரைப் போட்டார்கள். பொங்கியணன் மூத்தவன், அதனால் யோசிக்கிற வேலை அவனுடையது. நாச்சிமுத்து சந்தேகம் கேட்பான். மூன்றாமவன் காளியணன். அவனுக்குக் கல்யாணம் ஆகவேண்டியிருந்தது.

பெண் யாரென்றால், எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கும் முத்துக்கருப்பனின் மகள் வளர்மதி. அவள் மேல் காளியணனுக்கு உயிர். அவளுக்கும் இவன் மேல் விருப்பம்தான். ஏன் என்பது ஊரில் யாருக்கும் விளங்கவில்லை.

முத்துக்கருப்பன் எள்ளிலும் கடலையிலும் எண்ணெய் எடுத்தே தலை நரைத்தவர். சாக்கடையில் எண்ணெய் வரும் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. செக்கடியில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்:

"திங்கக்கெழமை அந்தப் பாசியை ஒரு பாட்டில்ல எவன் கொண்டாந்து நிக்கறானோ, அதைப் பாத்து டீச்சரம்மா 'இதுல எண்ணெய் இருக்குது'ன்னு சொல்றாங்களோ, அவன்தான் மாப்பிள்ளை. இல்லாட்டிப் பொண்ணு தாராபுரத்துக்காரங்களுக்கு."

முத்துக்கருப்பன் சொன்ன சொல்லை மாற்றியதே இல்லை. தப்பாகச் சொல்லிவிட்ட சொல்லைக்கூட மாற்றியதில்லை. அந்தப் பிடிவாதம் அந்த ஊர் மண்ணில் விளைவது.

கோமதி மூவரையும் உட்காரவைத்துப் பாடம் சொன்னார். "அழுக்குத்தான் இதுக்குச் சாப்பாடு. இனிமே மில்லுத் தண்ணி விடாதீங்க, பட்டினி போடுங்க. பட்டினி கெடந்தாத்தான் இது உடம்புல எண்ணெய் சேர்க்கும். ஒவ்வொரு பாசிக்கும் சுத்தி ஒரு சுவர் இருக்கு. அதை உடைச்சாத்தான் உள்ளே இருக்கற எண்ணெய் வெளியே வரும். நான் திங்கக்கிழமை வந்து உடைக்கிறேன். அதுக்கு முன்னாடி செய்யவேண்டியதை எல்லாம் செஞ்சு வெச்சிருங்க."

மூவரும் தலையாட்டினார்கள். அவர் நிம்மதியாக ஊருக்குப் போனார். பாவம், நல்ல படிப்பாளி.

பட்டினி அன்றைக்கே ஆரம்பமானது. மத்தியானம் காளியணன் தூக்குச்சட்டியைத் திறந்தபோது பொங்கியணன் தடுத்தான்.

"பட்டினி கெடக்கறவங்க முன்னால உக்காந்து திங்கறது மனுசத்தனமா?"

"அதுகளுக்குக் கண்ணு கெடையாதுங்களே?" என்றான் நாச்சிமுத்து.

"மூக்கு இல்லைன்னு டீச்சரம்மா சொன்னாங்களா?"

சொல்லவில்லைதான். ஆகவே மூவரும் ஆலைக்கு அந்தப் பக்கம் போய், காற்று எதிர்த்திசையில் அடிக்கும்போது மட்டும் சாப்பிட்டார்கள். அந்த வாரம் காற்று பெரும்பாலும் குட்டைப் பக்கமே அடித்தது. மூவரும் இளைத்துப்போனார்கள். சாப்பிட்ட கொஞ்சத்துக்கும் நாச்சிமுத்து ஒருநாள் கரையில் வந்து ஏப்பம் விட்டுவிட்டான். அவனைக் குட்டையைப் பார்த்து மன்னிப்புக் கேட்கவைத்தார்கள்.

அடுத்தது சுவர். இதில்தான் பொங்கியணனுக்கு மனசு கேட்கவில்லை.

"செவுத்தை உடைக்கறதுக்கு முன்னாடி செய்யவேண்டியது என்ன?"

"கடப்பாரை வாங்கோணும்," என்றான் நாச்சிமுத்து.

"அது உடைக்கறப்ப. அதுக்கு முன்னாடி?"

காளியணன் மெதுவாகச் சொன்னான். "குடியிருக்கறவங்களுக்குச் சொல்லோணுமுங்க."

முன்பு ரோட்டை அகலமாக்க அவர்கள் தெருவை இடித்தபோது யாரும் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொங்கியணன் வீட்டில் அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. உலை மேலேயே சுவர் விழுந்தது. இந்த மூவரையும் பார்த்துச் சிரிக்கிற நான், இந்த இடத்தில் மட்டும் சிரிப்பதில்லை.

"நமக்கு நடந்தது இந்தப் பச்சைப் புள்ளைகளுக்கு நடக்கக் கூடாது," என்றான் பொங்கியணன்.

நாச்சிமுத்து ஒரு தகர டின்னைத் தட்டிக்கொண்டு குட்டையைச் சுற்றி நடந்தான். பின்னால் பொங்கியணன் கூவினான்: "இதனால் பாசிகள் அனைவருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், வரும் திங்கட்கிழமை உங்கள் சுவர்கள் இடிக்கப்படும். மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு, குழந்தை குட்டிகளோடு காலி செய்யவும்!"

காளியணன் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தான். "அண்ணா, மூட்டையில எண்ணெயையும் கட்டிட்டாங்கன்னா? என்ற கல்யாணம் என்னாகறது?"

நியாயமான பயம். மூவரும் உட்கார்ந்து ஆலோசித்தார்கள். எண்ணெய் பாசியின் சொந்தச் சம்பாத்தியம், அதுவும் பட்டினி கிடந்து சேர்த்தது; பிடுங்குவது பாவம் என்றான் நாச்சிமுத்து. கேட்டு வாங்கினால் பாவமில்லை என்றான் பொங்கியணன். மறுபடி டின் ஒலித்தது: "எண்ணெயை மட்டும் வைத்துவிட்டுப் போகவும். காளியணனுக்குக் கல்யாணம்!"

ஞாயிறு சாயங்காலம் வரை பாசி அசையவில்லை.

"ஏன் போகமாட்டேங்கறாங்க?" என்றான் நாச்சிமுத்து.

"வழி எங்கடா வெச்சிருக்கோம்? நாலு பக்கமும் கரை," என்றான் பொங்கியணன்.

உடனே போய் மதகுப் பலகையைத் தூக்கிவிட்டார்கள். பச்சைத் தண்ணீர் முழுக்க வாய்க்காலில் இறங்கி ஓடியது. மூவரும் கரையில் நின்று கும்பிட்டு வழியனுப்பினார்கள். ஒரு தகராறு இல்லை, ஒரு சாபம் இல்லை. இவ்வளவு மரியாதையாகக் காலி செய்த ஜனத்தை நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலையில் காளியணன் காலிப் பாட்டிலோடு குட்டைக்குள் இறங்கினான். வெறும் சேறு. மூலை மூலையாகத் தேடினான். பாசிகள் எண்ணெயை எங்கும் வைத்துவிட்டுப் போகவில்லை. சேற்றிலேயே உட்கார்ந்து அழுதான்.

கோமதி வந்தார். குட்டையைப் பார்த்தார். "பாசி எங்கே?" என்றார்.

"காலி பண்ணிட்டாங்க மேடம்," என்றான் பொங்கியணன். "நீங்க இனி தாராளமா உடைக்கலாமுங்க. உள்ளே ஒருத்தரும் இல்லை."

கோமதி கரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் என்ன சொல்லியிருப்பாரோ, அதற்குள் முத்துக்கருப்பன் கையில் ஒரு பாட்டிலோடு மூச்சிரைக்க வந்தார். பின்னாலேயே வளர்மதியும் வந்தாள். குட்டை வாய்க்கால் அவர் தோட்டத்துக் கிணற்றில் போய் முடிகிறது. அதை யாரும் யோசித்திருக்கவில்லை.

"பாருங்க டீச்சரம்மா, என்ற கெணத்துத் தண்ணியை!" என்று பாட்டிலை நீட்டினார். "ராத்திரியோட ராத்திரியாப் பச்சையாப் போச்சு."

கோமதி பாட்டிலைப் பிடுங்கினார். ஒரு சொட்டை எடுத்து, கொண்டுவந்திருந்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பட்டினி போட்டது பலிச்சிருக்கு. இதுல எண்ணெய் இருக்கு!"

காளியணன் சேற்றிலிருந்து எழுந்தான். முத்துக்கருப்பனின் முகம் மட்டும் வெளிறியது. பாட்டிலோடு வந்து நின்றவன் யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"நான் சொன்ன சொல்லை மாத்தமாட்டேன்," என்றார். "கொண்டாந்தது நானு. அப்ப மாப்பிள்ளை நானு."

பொங்கியணன் யோசித்தான். அது அவன் வேலை. "அப்படின்னா முறை மாறிப்போச்சுங்க. நீங்க மாப்பிள்ளை எடத்துல இருந்தா, காளியணன் மாமனார் எடத்துல இருக்கான். மாப்பிள்ளை எங்கயாச்சும் பொண்ணு குடுப்பாரா? வளர்மதியை யாருக்குக் குடுக்கறதுன்னு இனி அவன்தான் முடிவு பண்ணோணும்."

முத்துக்கருப்பன் இரண்டு தரம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். ஓட்டை எதுவும் தெரியவில்லை. "சொல்லுங்க மாமா," என்று காளியணனைப் பார்த்துக் கைகட்டி நின்றார்.

பொறுப்பு வந்ததும் காளியணனின் தோரணையே மாறிவிட்டது. சேற்றைத் துடைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினான். "பொண்ணைப் பெத்தவன் அவசரப்படக் கூடாது. மாப்பிள்ளைன்னு யாரைச் சொல்றீங்க?"

"காளியணன்னு ஒரு பையன்," என்றான் நாச்சிமுத்து.

"பையன் எப்படி?"

"நல்ல பையன். கொஞ்சம் வெவரம் பத்தாது."

காளியணன் முகம் சுளித்தான். அதைப் பார்த்த வளர்மதி முன்னால் வந்தாள். "எனக்கு அவரைப் புடிச்சிருக்குதுங்க. நீங்க தடுக்காதீங்க."

பெண்ணே வாய்விட்டுச் சொன்ன பிறகு என்ன செய்வது? காளியணனுக்குக் கண் கலங்கியது. "சரி. என்ற பக்கம் முழுச் சம்மதம். ஆனா பையனையும் ஒரு வார்த்தை கேட்டுடலாம். நாளைக்கு அவன் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று தன் வீட்டுக்கு நடந்தான். எல்லோரும் கரையில் காத்திருந்தார்கள். வளர்மதி முந்தானையைத் திருகிக்கொண்டு பாதையையே பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் காளியணன் திரும்பி வந்தான். முகம் தொங்கியிருந்தது.

"வீடு பூட்டியிருக்குது," என்றான். "பையன் எங்கயோ வெளிய போயிருக்கானாட்ட இருக்குது."