முயல் கேட்ட கருத்துக்கணிப்பு

ஒரு காட்டில் கோடைக்காலம். ஓடைகள் எல்லாம் வற்றி, நடுக்காட்டுக் குளத்தில் மட்டும் தண்ணீர் இருந்தது. அந்த நேரம் பார்த்து அதிபர் தேர்தல் வந்தது.

போட்டி காட்டெருமைக்கும் கரடிக்கும்.

"நான் ஜெயித்தால் குளம் பெரிய உடம்புக்காரர்களுக்கு மட்டும்தான்!" என்றது எருமை.

"நான் ஜெயித்தால் எல்லாரும் முறை வைத்துக் குடிக்கலாம்!" என்றது கரடி.

குளக்கரைப் புதரடி வளையில் செவியன் என்ற முயல் தன் மனைவி பஞ்சியோடு வாழ்ந்தது. கரடி தோற்றால் இருவரும் மலையடி ஊற்றுவரை போக வேண்டும். வழியெல்லாம் நரிகள். அதனால் செவியனுக்குத் தேர்தல் கவலை பிடித்துக்கொண்டது.

அந்தக் காட்டில் கருத்துக்கணிப்பு எடுப்பது ஒரு மைனா. மரம் மரமாகப் பறந்து விசாரித்து, பாறைமேல் நின்று கத்தும்.

"கரடி முன்னிலை!" என்று கத்தினால், செவியன் துள்ளிக் குதித்து இரண்டு மடங்கு புல் தின்னும். "எருமை முன்னிலை!" என்று கத்தினால், வாயில் வைத்த புல்லையும் துப்பிவிடும்.

பஞ்சிக்கு எரிச்சலாக வந்தது. ஒரு நாள் மைனாவிடமே கேட்டுவிட்டது. "ஏன் மைனா, நீ யார் யாரைக் கேட்கிறாய்?"

"கிளையில் இருக்கிற எல்லாரையும்!"

"வளையில் இருக்கிறவர்களை?"

"அதற்குள் நான் எப்படி நுழைவது? சிறகு கசங்கிவிடாதா!"

பஞ்சி கணவனைப் பார்த்தது. "கேட்டீங்களா? நம்மை இது கேட்கவே இல்லை!"

"சும்மா இரு! அடுத்த கணிப்பு வருகிற நேரம்!" என்று செவியன் காதைத் தூக்கிக்கொண்டது.

வாக்குப்பதிவு நாளும் வந்தது. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. பிடித்தவர் பெயருக்கான மரப்பொந்தில் அதைப் போட வேண்டும். சூரியன் மறைந்ததும் பொந்துகளை மூடிவிடுவார் தேர்தல் அதிகாரி ஆமை.

"வாங்க, வெயில் ஏறுமுன் போட்டுவிட்டு வந்துவிடலாம்" என்றது பஞ்சி.

அப்போது மைனா கத்தியது. "எருமை முன்னிலை!"

செவியன் அப்படியே உட்கார்ந்துவிட்டது. "தோற்கப்போகிற கரடிக்குப் போட்டு என்ன பிரயோஜனம்? நீ போ. நான் அடுத்த கணிப்பைக் கேட்டுவிட்டு வருகிறேன்."

பஞ்சி தலையில் அடித்துக்கொண்டு போய், தன் கொட்டையைப் போட்டுவிட்டு வந்தது.

மத்தியானம் மைனா மறுபடி கத்தியது. "கரடி முன்னிலை!"

"இப்போதாவது போங்க!" என்றது பஞ்சி.

"அதுதான் ஜெயிக்கப்போகிறதே! இந்த வெயிலில் என் ஒரு கொட்டை எதற்கு?" என்று செவியன் மல்லாந்து படுத்து ஆனந்தமாகக் காலை ஆட்டியது.

மாலையில் மைனா தொண்டை கிழியக் கத்தியது. "சமம்! இருவரும் சமம்!"

செவியன் அலறிக்கொண்டு எழுந்தது. கொட்டையை வாயில் கவ்விக்கொண்டு, முள்ளும் கல்லும் பார்க்காமல் ஓடியது. மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆமை பொந்துகளைக் கல்லால் மூடிக்கொண்டிருந்தார்.

"ஐயா! ஒரே ஒரு கொட்டை! பெரிய மனசு பண்ணுங்க!"

"சூரியன் போயாச்சு, தம்பி. நானே மெதுவாக நடக்கிறவன். நானே நேரத்துக்கு வந்துவிட்டேன், உனக்கு என்ன வந்தது?"

உடனே எண்ணினார்கள். ஒரே ஒரு கொட்டை வித்தியாசத்தில் எருமை ஜெயித்தது.

மறுநாளே எருமைக் கூட்டம் குளத்தில் இறங்கிப் படுத்தது. செவியனும் பஞ்சியும் நரிகளுக்குப் பயந்து பயந்து மலையடி ஊற்றுக்கு நடந்தார்கள்.

வழியில் ஒரு கிளையிலிருந்து மைனா குரல் கொடுத்தது. "செவியா! புதிய கணிப்பு! எருமை ஆட்சியில் மகிழ்ச்சியாக இருப்பவர்கள்தான் அதிகமாம்! கேட்கிறாயா?"

செவியன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓட்டம் பிடித்தது.

யார் ஜெயிப்பார் என்று கேட்டுக்கொண்டே இருப்பவர், யார் ஜெயிக்க வேண்டும் என்று சொல்லும் வாய்ப்பைக் கோட்டைவிடுவார்.